நுரை குறைவு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஹலோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

அடுத்தவர் கோபத்தைக் கேட்டுக்கொள்வதுதான் அவள் வேலை. சோப்பு, ஷாம்பு, முகம் கழுவும் திரவம் என்று பலதும் செய்து விற்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. இரண்டாவது மாடியில், சாம்பல் நிறத் துணி ஒட்டிய பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஆறு இருக்கைகள். அவளுடையது ஏசிக்கு நேர் கீழே. வெளியே வெயில் கொளுத்தினாலும் அவள் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். மேசையில் வெந்நீர் ஃபிளாஸ்க், தொண்டைக்காக வாயில் அடக்கிக்கொள்ளும் மாத்திரை, பஞ்சு பிய்ந்துபோய் நூல் சுற்றிய ஹெட்போன்.

அவள் குரல் இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவரின் கோபம் இரண்டு படி இறங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்கள், கத்துகிற ஆளைச் சமாளிக்க முடியாமல் கண் கலங்கினால், அழைப்பை அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். "ஹலோ, சொல்லுங்க," என்பாள். அந்தச் 'சொல்லுங்க'வில் ஒரு அலுப்பு இருக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒருத்தி சொல்வது போல இருக்கும். கத்த வந்தவருக்கே பாவமாகிவிடும்.

மாலை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தொண்டையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். கணவர் அச்சகத்தில் மெஷின்மேன். வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்றதில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது பாதி. அவருக்குக் கேட்க வேண்டுமானால் சத்தமாகப் பேச வேண்டும். அவளுக்கோ சத்தம் அலுவலகத்திலேயே செலவாகிவிடும். ஒருவருக்குக் காது இல்லை, மற்றவருக்கு வாய் இல்லை. கையைக் காட்டி, தலையை ஆட்டி, தட்டை நகர்த்திக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. மகன் போனில் கூப்பிட்டால்கூட, "நல்லா இருக்கோம்," என்பதோடு முடித்துக்கொண்டு போனை மேசைமேல் வைத்து, அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் பிரிவுக்கு வந்த புகார்களில் பாதிக்குமேல் ஒரே சரக்கைப் பற்றித்தான். அதற்குப் பெரிய பெயர் உண்டு என்றாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பச்சை மூடி. முகத்துக்கும் உடம்புக்கும் தேய்த்துக் கழுவுகிற திரவ சோப்பு. பாட்டிலின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், கோகோ குளுக்கோசைடு என்று எழுதியிருக்கும். தேங்காய் எண்ணெயையும் சோளத்திலிருந்து எடுத்த சர்க்கரையையும் வைத்துச் செய்கிற பொருள். அழுக்கை எடுக்கும், ஆனால் தோலில் இருக்கிற எண்ணெயை ஒட்ட உரித்துக்கொண்டு போகாது. ஒரே குறை, மற்ற சோப்புகளைப் போலப் பொங்கிக்கொண்டு நுரை வராது. மெல்லியதாக வந்து, வந்த வேகத்தில் அடங்கிவிடும்.

ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை.

"தண்ணியைக் கலந்து விக்கிறீங்களா?"

"இல்லீங்க. இதுல நுரை கம்மியாத்தாங்க வரும். தேங்காயிலயும் சர்க்கரையிலயும் செஞ்சது."

"அப்போ இதை முகத்துல போடணுமா, வாயில போடணுமா?"

இந்த வேடிக்கையை அவள் எத்தனையோ பேர் வாயில் கேட்டுவிட்டாள். ஒவ்வொருவரும் தானே முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரிப்பார்கள். அவளும் ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பாள். பிறகு நிதானமாக எடுத்துச் சொல்வாள். நுரை என்பது கண்ணுக்குத்தான், தோலுக்கு இல்லை. இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள், இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்காது. பெரும்பாலானவர்கள் "சரி, பாக்கறேன்," என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் வைத்ததும் கணினித் திரையில் ஒரு கட்டம் திறக்கும். புகார் என்ன என்று கேட்கும். அவள் 'நுரை குறைவு' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவாள். பேசி முடித்தபோது அவர்கள் சமாதானமாகிவிட்டார்களா என்று அந்தக் கட்டம் கேட்டதில்லை.

வீட்டுக்கும் ஒரு பாட்டில் கொண்டுபோனாள். கணவர் அச்சு மை படிந்த கையில் அதை ஊற்றி வெகுநேரம் தேய்த்துப் பார்த்தார். மை அப்படியே இருந்தது.

"இது மையைக் கழுவல. மைகிட்டப் போய் மன்னிப்புக் கேக்குது," என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியையும் சலவைத்தூளையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அதற்கு எவ்வளவு சத்தம் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, விட்டுவிட்டாள்.

லாரி டிரைவர் அவளுக்கு அறிமுகமானதும் இந்த நுரையால்தான்.

"ஏம்மா, கால் பாட்டிலைக் கவுத்துட்டேன். நுரைன்னு ஒண்ணு கண்ணுல படல. என்னத்தைம்மா வித்திருக்கீங்க?" இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் ஹெட்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வழக்கமான பாட்டைப் பாடினாள். தேங்காய், சோளச் சர்க்கரை.

எதிர்முனை திடுக்கிட்டது. "சர்க்கரையா? அவளுக்குச் சர்க்கரை வியாதி இருக்கேம்மா."

அன்றைக்கு அவள் நிஜமாகவே சிரித்துவிட்டாள். "வெளியில தேய்க்கிறதுதாங்க. உள்ள போகாது. பயப்படாதீங்க. யாருக்குங்க, வீட்ல அம்மாவுக்கா?"

"சம்சாரத்துக்கு."

பிறகு அவரே சொன்னார். மனைவி ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்துவிட்டாள். அவர் லாரியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். குளிப்பாட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்தான். படுத்தே இருந்ததில் அவள் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. சாதாரண சோப்பைத் தொட்டு வைத்தால் போதும், பேச முடியாதவள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உடம்பை ஒடுக்குவாள். ஆஸ்பத்திரி நர்ஸ்தான் பச்சை மூடியை வாங்கச் சொன்னாளாம்.

"நுரை வராம எப்படிம்மா அழுக்குப் போகும்?"

"போகுங்க. மெதுவாப் போகும். உள்ளங்கையில தண்ணியோட கொஞ்சம் குழைச்சுட்டுத் தடவுங்க. தேய்க்காதீங்க."

சில நாள் கழித்து அதே குரல். "எரியலம்மா. குளிப்பாட்டிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிட்டா." அவ்வளவுதான் செய்தி. நன்றி சொல்லக்கூட இல்லை. தூங்கிவிட்டாள் என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதுவரை புகார்ப் பிரிவுக்கு நல்ல செய்தி சொல்ல ஒருவரும் கூப்பிட்டதில்லை. திரையில் வழக்கமான கட்டம் திறந்தது. அதில் எதைத் தட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு டிரைவர் அவ்வப்போது கூப்பிடுவார். தண்ணீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், தலைக்கும் இதையே போடலாமா என்று ஏதாவது கேட்பார். யார் எடுத்தாலும், "அந்தச் சொல்லுங்கம்மா இல்லையா?" என்பார். பேச்சு நீண்டால் தடுப்புப் பலகைமேல் இருக்கிற சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். அவருக்கு மட்டும் அவள் விளக்கை எரிய விட்டாள். கருணை என்று சொல்வதற்கில்லை. காலை முதல் மாலை வரை அவளிடம் கத்தாத ஒரே ஆள் அவர்தான். குரல் அவருக்கு இயல்பிலேயே பெரிசு, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒருநாள் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். அவர்கள் மேலாளர் இளைஞன், நல்ல பையன். எழுந்து நின்று அக்கா என்றுதான் பேசுவான். சுவரில் ஒரு படம் காட்டினான். புகார்கள் எல்லாம் குட்டையும் நெட்டையுமாகத் தூண் தூணாக நின்றன. ஒரு தூண் மட்டும் மற்றதையெல்லாம் தாண்டிக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடியில் 'நுரை குறைவு' என்று எழுதியிருந்தது.

"கஸ்டமர் என்ன கேக்கறாங்கன்னு மேல இருக்கிறவங்களுக்கு இப்போ புரிஞ்சிருக்கு. பச்சை மூடியை மாத்தறாங்க. இனிமே நல்லா நுரை வரும். இதுல பாதிக்கு மேல நம்ம ஹலோ அக்கா பதிஞ்சது," என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் கூடவே தட்டினாள். தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்களில் முக்கால்வாசிப் பேர் சமாதானமாகத்தான் போனை வைத்தார்கள் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் கூட்டம் கலைந்து, வெளியே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிட்டன.

கேன்டீனில், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற கெமிஸ்ட் எதிரே வந்து உட்கார்ந்தபோது கேட்டாள். "சார், பழைய பொருளை எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலக்கா. இருக்கு, பேருக்கு. நுரைக்குன்னு கொஞ்சம் காரமா இன்னொண்ணு சேர்த்திருக்கோம். என்ன பண்றது, நுரை வந்தாத்தான் அழுக்குப் போச்சுன்னு மனசு நம்புது. பெரும்பாலான பேருக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகிறவங்க?"

"அவங்க வேற கம்பெனி குழந்தைங்க சோப்பைத்தான் வாங்கிக்கணும். அதுல பெரும்பாலும் இந்தப் பழைய பொருள்தான் போடறாங்க. நமக்குத்தான் குழந்தைங்க சரக்கே கிடையாதே." அவர் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. அவருக்கும் களைப்புதான்.

புதுப் பாட்டில் வந்தது. அதே பச்சை மூடி. 'இப்போது அதிக நுரையுடன்' என்று மஞ்சள் பட்டை. நுரைப் புகார் நின்றுபோனது. அதற்குப் பதிலாக, எரிகிறது, தோல் வறண்டு இழுக்கிறது என்று ஒன்றிரண்டாகக் கூப்பிட்டார்கள். அவர்களிடம் சொல்வதற்குப் புதிதாகச் சில வரிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'சருமம் பழகச் சில நாட்கள் ஆகும்' என்பது அதில் ஒன்று. போன மாதம்வரை நுரை வேண்டாம் என்று சொன்ன அதே குரலில், நுரை நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கூப்பிட்ட அன்று அவளுக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை. முந்தைய நாளிலிருந்து காய்ச்சல் காய்கிற மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கைகளில் இரண்டு பேர் லீவு. அவர்கள் அழைப்புகளும் அவள் தலையில். மதியச் சாப்பாட்டைத் திறந்து ஒரு வாய் வைத்து மூடியவள், திரும்பத் திறக்கவில்லை. வெயில் தாழ்ந்து, ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக அவள் கைமேல் விழுந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது.

"ஹலோ, சொல்லுங்க."

"நான்தாம்மா." பெரிய குரல் சின்னதாகியிருந்தது. "புது பாட்டில் வாங்கினேன். நல்லாப் பொங்கிச்சு. சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. அவ முதுகெல்லாம் செவந்துபோச்சும்மா. நேத்திலிருந்து என்னைக் கிட்ட வர விட மாட்டேங்கிறா. துண்டை எடுத்தாலே கண்ணை மூடிக்கிறா."

அவள் எதிரே அந்த வரிகள் ஒட்டியிருந்தன. வாய் தானாகவே தொடங்கியது. "சருமம் பழகச் சில நாட்கள் ஆகுங்க. இது மேம்படுத்தப்பட்ட…"

"நுரை வராததுதான் நல்லதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். "இப்போ நுரை வர்றது நல்லதுங்கிறீங்க. எதும்மா நிஜம்? நான் அவளுக்கு எதைப் போடட்டும்?"

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அடுத்த வரி எது என்று பார்க்க வேண்டும், குரலைச் சரி செய்துகொள்ள வேண்டும், அவர் திருப்பிக் கேட்டால் அதற்கும் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அவளிடம் அது எதுவும் இருக்கவில்லை. துணிச்சலெல்லாம் ஒன்றுமில்லை. மூட்டையைத் தூக்க முடியாதவர் அதை இறக்கி வைப்பாரே, அப்படி இறக்கி வைத்தாள்.

"இது அவங்களுக்கு வேண்டாங்க. எங்களோட எதையும் வாங்காதீங்க. கடையில வேற கம்பெனியோட குழந்தைங்க சோப்பு, பாட்டில்ல வர்றது, கேளுங்க. பின்னாடி பொடி எழுத்துல கோகோ குளுக்கோசைடுன்னு இருக்கான்னு கடைக்காரரைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. இருந்தா அதை வாங்குங்க. அதுவரைக்கும் வெறும் வெதுவெதுப்புத் தண்ணி போதும். செவந்த இடத்தை அந்த நர்ஸம்மாகிட்டக் காட்டிடுங்க."

"கொஞ்சம் இருங்கம்மா, எழுதிக்கிறேன்." எழுதுகோலைத் தேடுகிற சத்தம் கேட்டது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் ஒரு இயந்திரப் பெண் அதைச் சொல்லிவிட்டுத்தான் இணைப்பாள்.

அந்த வாரமே மேலாளர் அறைக்குக் கூப்பிட்டான். கணினியில் அவள் குரலை ஓட விட்டான். எங்களோட எதையும் வாங்காதீங்க. தன் குரல் இவ்வளவு கிழடு தட்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, ஏன்க்கா இப்படி?"

"தெரியல சார். சொல்லிட்டேன்."

"வேற யாராவது இருந்தா வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்பாங்க. நான் மேல பேசிப் பேசி…" அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போன்ல உங்களை இனிமே வைக்க வேண்டாம்னுட்டாங்க. எழுத்துப் பிரிவுக்கு மாத்தியிருக்கு. கம்ப்யூட்டர்ல வர்ற கேள்விக்குப் பதில் டைப் பண்ணணும். யார்கூடயும் பேச வேண்டியிருக்காது." இழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொன்னான்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த குப்பியை அழுத்தி முகம் கழுவினாள். அதிலும் புதுச் சரக்குதான். கை நிறையப் பொங்கியது. கழுவக் கழுவ அடங்காமல் தொட்டியில் மிதந்துகொண்டே இருந்தது. அது வடிகிறவரை நின்று பார்த்துவிட்டு, இருக்கைக்குப் போய் ஃபிளாஸ்க்கையும் துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

எழுத்துப் பிரிவு கீழ்த்தளத்தில், கிடங்கை ஒட்டிய ஒரு அறை. அட்டைப் பெட்டி வாசனை. ஏசி கிடையாது, ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே சரக்கு வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும், போகும். முதல் சில நாட்கள் விரல் முட்டியெல்லாம் வலித்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. வேலை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. திரையில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஆனால் ஒருவர் எவ்வளவு கோபமாக எழுதினாலும் எழுத்துக்குச் சத்தம் இல்லை.

ஒரு மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள். சும்மா கேட்டதுதான். அடுப்படியில் இருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கேட்டுவிட்டது.

"உனக்கு என்ன, தொண்டை சரியாயிடுச்சா?"

அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வலது காதுப் பக்கம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள். அதுவரை இடம் மாற்றிவிட்டார்கள் என்று மட்டும்தான் கையைக் காட்டிச் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவரும் கேட்டிருக்கவில்லை. டிரைவர், அவர் மனைவி, தூண் தூணாக நின்ற படம், கெமிஸ்ட், பதிவான குரல். அவர் இடையிடையே, "யாரு? எந்த டிரைவர்?" என்பார். அவள் இன்னும் உரக்கச் சொல்வாள். அவருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லையே? சத்தமா இருந்துச்சு. எதாவது சண்டையோன்னு…"

"சண்டை இல்லைங்க. பேசிக்கிட்டு இருக்கோம்."

பக்கத்து வீட்டம்மா நம்பினதாகத் தெரியவில்லை. இருவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்தவளிடம் கணவர் கேட்டார். "அந்த டிரைவர் சம்சாரத்துக்கு இப்போ எப்படி இருக்கு?"

"தெரியலையே," என்றாள். அவளாகக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. எண் அவளிடம் இல்லை, இருந்தாலும் கூடாது. அதைச் சொல்லி முடித்ததும் ஏனோ உடம்பு அசந்துபோய், சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

பதில் பிறகுதான் வந்தது. மேலே அவள் பக்கத்து இருக்கையில் இருந்த பெண், கேன்டீனில் பார்த்ததும் தட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, உங்க லாரிக்காரர் கூப்பிட்டாரு. சொல்லுங்கம்மா எங்கேன்னு ஒரே பிடிவாதம். கீழ மாத்திட்டாங்கன்னு சொன்னேன்."

"அவங்க சம்சாரம்?"

"பரவாயில்லையாம். முதுகு ஆறிடுச்சாம். நீங்க சொன்ன மாதிரி குழந்தைங்க பாட்டில் வாங்கினாராம். அதுல ஒரு யானைக்குட்டி படம் இருக்காம். குளிப்பாட்டும்போது அதைக் கையில குடுத்துடுவாராம். அந்தம்மா அதையே பாத்துக்கிட்டு இருக்காங்களாம்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் உங்களைப் பாராட்டி நம்ம கம்பெனிக்கே கடிதாசி எழுதறேன்னாரு. போட்டிக் கம்பெனி சரக்கை வாங்கச் சொன்னதுக்குப் பாராட்டு. எழுதிடாதீங்க சார், அது அந்த அக்காவுக்கு ஆகாதுன்னு கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தியிருக்கேன்."

ஹலோ அக்கா சிரித்தாள். சிரிப்பில் தண்ணீர் புரை ஏறி, அந்தப் பெண் முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. அதற்குமேல் அவரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

வெயில் காலம் முடிந்து மழை தொடங்கிய சமயத்தில் மேலாளர் கீழே இறங்கி வந்தான். மேலே புதுப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி நின்றுவிடுகிறார்களாம். எரிச்சல் புகார் கூடிக்கொண்டே போகிறதாம். கூரையைத் தொடும் தூண் இப்போது அதுதானாம். பழைய விஷயத்தை மேலே மறந்துவிட்டார்கள், திரும்ப வந்துவிடுங்கள் அக்கா, என்றான். ஏசிக்குக் கீழே இல்லாத இருக்கையாகப் பார்த்துத் தருவதாகவும் சொன்னான்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நனைந்துகொண்டே ஒருவன் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இங்கேயே இருந்துக்கறேன் சார்," என்றாள். "மேல வந்தா மறுபடியும் சொல்லிடுவேன்."

அவன் அவளையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மாடிப்படியில் மெதுவாக ஏறிப் போனான்.

திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது. யாரோ ஒரு அம்மாள், மூடி இறுகிக்கொண்டது, திறக்க முடியவில்லை, கை வழுக்குகிறது என்று எழுதியிருந்தாள். ஹலோ அக்கா விரல்களை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள். வெந்நீரில் சற்று நேரம் தலைகீழாக நிறுத்தி வையுங்கள், உலர்ந்த துணியால் பிடித்துத் திருகுங்கள் என்று அடிக்கத் தொடங்கினாள்.